ஆடுகளப் பேணுநர்

பவள விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், அண்மைக் காலமாக என் சிந்தையை ஆட்கொண்டிருக்கும் பொருள் வேறொன்று. விளையாட்டு மைதானத்தில் ஒரு மாணவன் விழுந்தால் அவனருகே முதலில் ஓடிச் செல்ல வேண்டியவர் யார், அவர் என்ன கற்றிருத்தல் வேண்டும் என்பதே அது. உடற்கல்வி ஆசிரியர் எழுதவேண்டிய இதனைத் தமிழாசிரியன் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒரு சொல்.

நம் கல்லூரியிற் பயின்று, பின்னர்ப் பெற்றோருடன் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்த மாணவர் ஒருவர், அங்கே இளமாணிப் படிப்பை முடித்து, இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவில் முதுமாணி வகுப்பிற் பயில்கின்றார். அவர் பயிலும் துறைக்கு ஆங்கிலத்தில் 'அத்லெற்றிக் றெயினிங்' என்று பெயர். ஒருநாள் தொலைபேசியில், "சேர், கொட்டாஞ்சேனையில் இருக்கிற அம்மம்மா நான் டொக்டருக்குப் படிக்கிறேனா, விளையாட்டு மாஸ்டருக்குப் படிக்கிறேனா எண்டு கேக்கிறா. தமிழில் என்ன எண்டு சொல்லுறது?" என்றார். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'மெய்வல்லுநர் பயிற்றுநர்' என்று வரும். அது ஓட்டமும் பாய்ச்சலும் பழக்குபவரையே குறிக்கும். இவரோ ஓட்டம் பழக்குபவர் அல்லர்; ஓடுபவனின் உடலைக் காப்பவர். இக்குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு. அமெரிக்கர் பலர் இவரை உடற்பயிற்சிக் கூடத்திற் பாரம் தூக்கப் பழக்குபவர் என்றே எண்ணுகின்றனராம். கனடாவில் இத்துறையினரைச் 'சிகிச்சையாளர்' என்றே வழங்குவர். அது சற்றுத் தெளிவு.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை முடித்துவைக்கும் குறள், மருத்துவத்துக்கு நான்கு பகுதிகளை வகுக்கின்றது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். வகுப்பிற் கேட்டால் முதல் மூன்றுக்கும் மாணவர் விரைந்து விளக்கம் சொல்வர். நான்காமவன் என்றதும் 'தாதி' என்று கூறி நிறுத்திக்கொள்வர். ஆடுகளத்திலோ அந்த நான்காமவனே முதல்வன் ஆகின்றான். மருத்துவர் வந்து சேருமுன் உயிர் நிற்பதும் போவதும் முடிவாகிவிடும் வேளைகள் அங்கே உண்டு. ஆதலின் 'ஆடுகளப் பேணுநர்' என்று சொல்லி வைத்தேன். அம்மம்மா அதை ஏற்றுக்கொண்டாரோ இல்லையோ, எனக்கு அச்சொல் பழகிவிட்டது.

நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதுமன்று. கன்னியாகுமரிப் பக்கத்தில் சிலம்பமும் அடிமுறையும் கற்பித்த ஆசான், அடிபட்டவனுக்கு வர்ம மருத்துவம் செய்பவராகவும் இருந்தார். யாழ்ப்பாணத்து முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்ட பந்தாட்டக்காரர் எத்தனை பேர்! அவர்களெல்லாம் ஏட்டைப் பார்த்து மட்டும் கற்றவரல்லர். குருவின் பக்கத்தில் நின்று, கைபார்த்துக் கற்றவர். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், அமெரிக்கர் இத்துறைக் கல்வியை எவ்வாறு வளர்த்தனர் என்பது எளிதில் விளங்கும்.

ஆங்கும் தொடக்கத்தில் குருகுல முறையே நிலவியது. அதற்கு நமக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைந்தரும், 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றியவரும், 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்று ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டியவருமான காலஞ்சென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். அக்காலத்தில் அங்கே மெய்வல்லுநர்க்குப் பயிற்சியளித்த எல்வின் டிரேக், பழக்குபவராக மட்டுமன்றி விளையாட்டு வீரரின் காயங்களைப் பேணுபவராகவும் நெடுங்காலம் பணிபுரிந்தார். அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் ஆசானைப் போலவே அவரும் இரண்டு வேலையும் செய்தவர்.

அமெரிக்காவின் பேணுநர்கள் 1950இல் கன்சாஸ் நகரிற் கூடித் தமக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தனர். 1959இல் அச்சங்கம் முதன்முதலாக ஒரு பாடத்திட்டம் வகுத்தது. அதிலே என்னைக் கவர்ந்த செய்தி: பேணுநராக வருபவர் இடைநிலைப் பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியத் தகைமையும் பெறுதல் வேண்டும் என்று அத்திட்டம் கருதியது. பாடசாலைகளில் ஆசிரியராய் இருந்துகொண்டே மைதானத்தையும் கவனிக்கட்டும் என்பது எண்ணம். பிறகு துறை மெல்ல மருத்துவத்தின் பக்கம் சாய்ந்தது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தொழில்களுள் ஒன்றாக ஏற்றது. மூத்தவர் ஒருவரின் கீழ் 1500 மணித்தியாலம் உழைத்துத் தேர்வெழுதும் பழைய வழி 2004 தொடங்கியதும் அடைக்கப்பட்டது. முறையான பல்கலைக்கழகக் கல்வியின்றி இனி நுழைய இயலாது என்றாயிற்று. 2015இல், இளமாணி போதாது, முதுமாணிப் பட்டமே நுழைவாயில் என முடிவுசெய்தனர். 2022இன் இலையுதிர் பருவத்துக்குப் பின்னர் இளமாணி வகுப்புகளுக்குப் புதிதாக எவரையும் சேர்த்தல் ஆகாது என விதித்தனர். செலவு ஏறும், ஆள் குறையும் என்று வாதிட்டோரும் அங்கே உளர். அவர் வாதம் வெறும் பொறாமையன்று என்பது என் எண்ணம்.

முதுமாணி வகுப்பிற் சேருமுன் உயிரியல், இரசாயனம், பௌதிகம், உளவியல், உடலமைப்பியல், உடற்றொழிலியல் ஆகியவற்றைக் கற்றிருத்தல் வேண்டும். சேர்ந்தபின் ஏறத்தாழ இரண்டாண்டு. அதிற் பாதி வகுப்பறை. மறுபாதியே எனக்கு முக்கியமாகத் தோன்றுவது.

ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டு இருந்து பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்றவன் யான். உளவியலும் கற்பித்தல் முறையும் அங்கே ஓதினோம். ஆயினும் ஆசிரியனாக என்னை ஆக்கியவை கற்பித்தற் பயிற்சி வாரங்களே. பாடக்குறிப்புக் கொப்பியோடு வகுப்பின் முன் நிற்க வேண்டும். விரிவுரையாளர் பின்வாங்கில் அமர்ந்திருப்பார். அவர் வாய் திறவார். அந்த மௌனத்தின் முன்னே, தெரியும் என்று நினைத்தவை பாதியும் மறைந்துபோகும். தெரியாது என்று அஞ்சியவை சில தாமாகவே வாயில் வரும். மணி அடித்தபின் மாமரத்தடியில் அவர் சொல்லும் நான்கு வார்த்தைகள் நாற்பது நூலுக்குச் சமம்.

நம் மாணவர் சொல்வதும் இதுவே. அவருடைய மேற்பார்வையாளர், வேண்டிய கணத்தில் தலையிடக்கூடியவராய் அவ்விடத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. வேறு கட்டடத்தில் இருந்துகொண்டு கையொப்பம் இடுதல் செல்லாது. முதல் வாரங்களில் மாணவன் பார்ப்பான். அடுத்துத் தொட்டுப் பார்ப்பான். பின்னர்த் தானே முடிவு சொல்வான், மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கட்டத்தில் நான்கு கிழமையேனும் இடைவிடாது, வகுப்புச் சுமை தலையிற் கனக்காது, ஒரு பேணுநரின் முழுநாள் வேலையைச் செய்தல் வேண்டும். பல்கலைக்கழக அணியோடு மட்டும் நின்றாலும் போதாது. சிறுவர், முதியோர், ஆண், பெண், விளையாட்டையே அறியாத தொழிலாளர் எனப் பலதரப்பட்டோரையும் பார்த்திருத்தல் வேண்டும். முடிவில் தேசியத் தேர்வு.

"கட்டுப் போடப் பழகிறது ரெண்டு மாசம், சேர். எப்ப கட்டுப் போட்டுத் திரும்ப ஆடவிடக் கூடாது எண்டு பழகத்தான் ரெண்டு வருசம்" என்றார் அவர்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கணுக்கால் பிரண்டு ஒருவன் விழுகின்றான். சுளுக்கா, முறிவா? ஒவ்வொருவனையும் எக்ஸ்ரே எடுக்க அனுப்புதல் வீண் அலைச்சல், அனுப்பாதிருத்தல் ஆபத்து. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் ஈயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் உடனுழைத்தோரும் இதற்கு ஓர் எளிய முறை வெளியிட்டனர். கணுக்காலின் இருபுறத்து எலும்பு முனைகளின் பின்விளிம்பையும், பாதத்தில் இரண்டு குறித்த இடங்களையும் விரலால் அழுத்தி அங்கே நோவு உண்டா எனப் பார். நான்கு அடி நடக்க முடிகின்றதா எனப் பார். இத்தனையும் இல்லையேல் முறிவு இருத்தல் அரிது. எழுதிவிட எளிது. ஆனால் விரல் அழுந்தவேண்டிய இடம் எது, எவ்வளவு அழுத்தம் என்பதை எந்த நூலும் கைக்குக் கற்பிக்காது.

வெப்பத்தின் கதை இதனிலும் கடுமையானது. ஓடுகின்றவன் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டிப் புத்தி தடுமாறத் தொடங்கினால், ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு பேரம் பேசுவது போன்றது. நெற்றியைத் தொட்டோ வாயில் வெப்பமானி வைத்தோ உள்வெப்பத்தை நம்பி அளக்க முடியாது. மலவாயில் வெப்பமானியே சரியான அளவு தரும். இதனை மலரில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கின்றது; ஆனாற் கூச்சத்துக்கு இடங்கொடுத்தால் அளவு தவறும். செய்யவேண்டியது, பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியிற் கழுத்தளவு அமிழ்த்தி, 39 பாகைக்குச் சற்றுக் கீழே வரும்வரை குளிர்விப்பது. அதுவும் முதல் அரைமணி நேரத்துக்குள். முதலிற் குளிர்விப்பு, பின்னரே வைத்தியசாலைப் பயணம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நாம் செய்வதோ நேர்மாறு: குளிர்விக்காமலே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றோம்.

2023 சனவரி 2ஆம் நாள், அமெரிக்கக் காற்பந்துப் போட்டியொன்றில் டமார் ஹம்லின் என்னும் இளைஞர் மார்பில் மோதுண்டு, எழுந்து நின்று, மறுகணமே இருதயம் நின்று விழுந்தார். ஓடிச்சென்று நெஞ்சை அழுத்தி உயிர்ப்பு அளித்தவர் அவ்வணியின் உதவிப் பேணுநர் டெனி கெலிங்டன். ஹம்லின் பிழைத்தார், மீண்டும் களத்தில் இறங்கினார். தொலைக்காட்சியிற் கண்ட கோடிக்கணக்கானோர்க்கு அது வியப்பு. ஒத்திகை பார்த்துப் பார்த்துக் கைவந்தவர்க்கு அது கடமை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலே ஒரு பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு அறிவிப்பாளனாகச் சென்றிருந்தேன். 1500 மீற்றர் ஓட்டத்தின் கடைசி வளைவில் ஒரு மாணவன் தள்ளாடினான், பாதையை விட்டு விலகி ஓடினான், விழுந்தான். பெயரைக் கேட்டால் வேறேதோ சொன்னான். ஐந்தாறு பேர் ஓடினர். ஒருவர் கையிற் சோடா. ஒருவர் கையிற் குளுக்கோசு. ஒருவர் நோவுக்கு அடிக்கும் ஸ்பிறேயைக் காலில் அடித்தார். நல்ல மனிதர் அனைவரும், அன்புக்குக் குறைவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு தாய் விரைந்து வந்து, "எல்லாரும் விலகுங்கோ" என்று அதட்டினார். அவர் தாதி. குளிர்பானப் பெட்டியிலிருந்த பனிக்கட்டி முழுவதையும் பையன் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைப்பித்து, நீர் ஊற்றச் செய்து, 1990 வண்டி வரும்வரை அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். பையன் பிழைத்தான். அந்தத் தாய் அன்று வராதிருந்தால் என்ற எண்ணம் எனக்குப் பல இரவுகள் உறக்கத்தைக் கெடுத்தது.

எல்லா ஊரிலும் அவ்வாறு வாய்ப்பதில்லை. 2024 மார்ச்சு மாதம் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய பதினாறு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அக்குடும்பத்தின் துயரத்தை ஆராய்ச்சிப் பொருளாக்க யான் விரும்பவில்லை. ஆயினும், ஆண்டின் முதற் காலாண்டிலே, வெயில் ஏறிவரும் மாதங்களில், நாடெங்கும் இல்லப் போட்டிகளை நடத்துகின்றோம் என்பதை ஆசிரியர் எவரும் மறத்தல் இயலாது.

நம் நாட்டில் அறிவு இல்லாமலில்லை, சிதறிக் கிடக்கின்றது. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் இயன் மருத்துவத்திற் பட்டம் அளிக்கின்றன. சப்ரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானம் கற்பிக்கின்றனர். மருத்துவப் பட்டதாரிகள் விளையாட்டு மருத்துவத்திற் பட்டப்பின் படிப்புப் படிக்கக் கொழும்பிலே வழியுண்டு. கடல் தாண்டினால் சென்னையில், இயன் மருத்துவப் பட்டத்தின்மேல் இரண்டாண்டு முதுமாணிப் படிப்பில் விளையாட்டுத் துறையைச் சிறப்பாகக் கற்கலாம். உயர்தரத்தில் உயிரியல் கற்று, மருத்துவபீடம் கிட்டாமல் மனமுடையும் நம் பிள்ளைகளுக்கு இவற்றை யாரும் எடுத்துரைப்பதில்லை. ஆனால் இப்படிப்புகளை முடித்தோர் வைத்தியசாலையிலும் தேசிய அணிகளிலும் அமர்கின்றனர். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள சுகததாச விளையாட்டரங்கில் பெரும் போட்டி நடந்தால் மருத்துவக் குழு இருக்கும். வெள்ளவத்தைப் பிள்ளைகள் மாலையில் வாடகை மைதானத்திற் பந்தாடும்போது அங்கே யார் இருப்பார்?

அமெரிக்கரைப் போல நாமும் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு முதுமாணியை வைப்போம் என்பது நடவாத பேச்சு. எனக்கு அவர்களுடைய 2015ஆம் ஆண்டு முடிவைவிட 1959ஆம் ஆண்டுத் திட்டமே நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுகின்றது. உடற்கல்வி ஆசிரியருக்கு அரைநாள் முதலுதவிச் சொற்பொழிவும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்புவதை விடுத்து, சில வாரமேனும் வைத்தியசாலையிலும் மைதானத்திலும் இயன் மருத்துவர் ஒருவரின் கண்முன்னே கைப்பழக்கம் கொடுத்தால் என்ன? பின்வாங்கில் அமர்ந்து மௌனமாய்ப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். அவரில்லாத பயிற்சி, நீந்தும் முறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டது போலாகும்.

நம் மாணவர் வருகின்ற மார்கழி விடுமுறைக்கு அம்மம்மாவைப் பார்க்க வருகின்றார். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தை இரண்டு மாலை நேரத்துக்குக் கேட்டிருக்கின்றோம். இயன் மருத்துவர் ஒருவர் உடனிருந்து பார்க்க இசைந்துள்ளார். பழைய மாணவர் ஒருவர் பெரிய நீர்த்தொட்டியொன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். அதனை மூன்றாம் மாடிக்கு எவ்வாறு ஏற்றுவது என்பதே இப்பொழுது விவாதம். உடற்கல்வி ஆசிரியர் நால்வர் பெயர் தந்துள்ளனர். கணுக்காலைத் தொட்டுப் பார்க்கப் பழகுவதற்கு ஒரு கால் வேண்டுமாம். அதற்கு என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கின்றேன்.