தழும்பும் தாய்மையும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. நோவும் அச்சமும், அவற்றைக் கடந்து வந்தவள்பாற் கொள்ளும் மதிப்பும் அக்கூற்றிலே ஒருங்கே அடங்கியுள்ளன. ஆயின், அம்மதிப்பை நமது சமூகம் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே அளவில் வழங்குகின்றதா என்பது வினாவுக்குரியது. இடுப்பு நோவெடுத்துப் பெற்றவளைப் பற்றிப் பேசும்போது 'அவள் பெற்றாள்' என்கிறோம். சத்திரசிகிச்சையினாற் பெற்றவளைப் பற்றிப் பேசும்போதோ 'வெட்டி எடுத்தார்கள்' என்கிறோம். முதலாவது வாக்கியத்தில் எழுவாயாக நிற்பவள் தாய். இரண்டாவதில் அவள் எழுவாயுமல்லள், செயப்படுபொருளுமல்லள். வாக்கியத்தினின்றே அவள் மறைந்துவிடுகின்றாள். அந்த மறைவு வெறும் இலக்கணச் செய்தி அன்று.

சிசேரியன் என்னும் பெயர் உரோமத் தலைவன் யூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்தமையால் வந்தது என்பர். அது பொருந்தாக் கதை. அக்காலத்தில் இறந்த அல்லது இறக்குந் தறுவாயிலுள்ள தாயின் வயிற்றையே கீறினர். சீசரின் தாயாகிய அவுரேலியாவோ மகன் வளர்ந்து படை நடத்திய காலத்திலும் உயிரோடிருந்தவள். வெட்டுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்திருத்தல் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் இச்சிகிச்சைக்குட்பட்ட தாய்மாருட் பெரும்பாலோர் குருதிப் பெருக்காலும் கிருமித் தொற்றாலும் மாண்டனர். கீறிய கருப்பையைத் தைக்காது விடுவதே அன்றைய வழக்கம். 1882 ஆம் ஆண்டிலே செருமானிய வைத்தியர் மாக்ஸ் சாங்கர் கருப்பையை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை விளக்கி எழுதிய பின்னரே தாயும் பிழைப்பாள் என்னும் நம்பிக்கை வேரூன்றிற்று. இன்று உலகில் நிகழும் பிறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை இவ்வழியே நிகழ்கின்றன என உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அறிவித்தது. இத்துணைப் பரவலான ஒன்றைப் பற்றி அதற்குட்படும் பெண் அறிந்திருப்பது எவ்வளவு? யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்த ஓர் இளந்தாயின் அனுபவம் இதற்கு விடை தரும்.

அவள் ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. முதற் கருப்பம். குழந்தை தலை திரும்பாது, இருப்பு நிலையிலேயே நின்றுவிட்டது. முப்பத்தொன்பதாம் வாரத்திற் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தனர். சம்மதப் பத்திரம் நீட்டப்பட்டது, ஒப்பமிட்டாள். அதில் எழுதியிருந்தவற்றை வாசிக்கத் தெரிந்தவள்தான். வாசித்தவற்றின் பொருளைக் கேட்பதற்கு அவளுக்கு நாவெழவில்லை. விடுதியிலோ சொல்வாருக்கு நேரமில்லை. முதல் நாளிரவு அவளை வருத்தியது கத்தியைப் பற்றிய அச்சமன்று. அடுத்து என்ன நிகழும் என்பதை அறியாமையே.

நிகழ்ந்தவை உண்மையில் எளிதாகச் சொல்லத்தக்கவை. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. கையில் சேலைன் ஏற்றினர். சிறுநீர் வடியக் குழாய் பொருத்தினர். சத்திரசிகிச்சைக் கூடத்திலே முதுகை வில்லென வளைத்து உட்காரச் செய்து, இடுப்பு முள்ளெலும்புகளின் இடையே விறைப்பு மருந்து செலுத்தினர். சில நிமிடங்களிற் கால்கள் வெம்மையுற்றுக் கனத்து, தன்னுடையவையல்ல என்னுமாறு ஆயின. குருதியமுக்கம் சற்றுத் தாழ்ந்தமையாற் குமட்டல் எழுந்தது; உடல் நடுங்கியது. இவ்விரண்டும் பலருக்கு நேர்பவை. அதனை அறியாத அவள், தன் உயிர் பிரிகின்றதெனவே எண்ணினாள்.

மார்புக்கு நேரே திரை கட்டப்பட்டது. நோவு இல்லை, எனினும் உணர்வு முற்றாக அற்றுப்போவதுமில்லை. வயிற்றினுள்ளே யாரோ எதையோ தேடுவது போன்ற இழுவையும் அழுத்தமும் தெரிந்தன. அடிவயிற்றிலே குறுக்காக இட்ட கீறல் வழியே, தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் குழந்தை வெளிவந்தது. அழுகுரல் கேட்டது, ஒரு கணம் முகத்தருகே காட்டினர். அதன் பின்னரே நீண்ட வேலை தொடங்கியது. நச்சுக்கொடியை அகற்றுதல், கருப்பை சுருங்குதற்கு மருந்து ஏற்றுதல், கருப்பையையும் மேலுள்ள படைகளையும் முறையே மூடித் தோலைத் தைத்தல் என ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் யாவும் நிறைவுற்றன.

வைத்தியருக்கு நிறைவுற்றது. அவளுக்கோ அப்போதுதான் தொடங்கிற்று. இயல்பான பேற்றில் நோவு பெரும்பாலும் பிள்ளைக்கு முன்னே வருவது. சிசேரியனில் அது பிள்ளைக்குப் பின்னே வருவது. விறைப்பு நீங்க நீங்க வயிறு எரிந்தது. இருமினால், தும்மினால், சிரித்தாற்கூடத் தையல் பிரிவது போலிருந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுமாறு வயது முதிர்ந்த தாதி ஒருவர் சொல்லிக்கொடுத்தார். 'ஒரு பக்கம் சரிஞ்சு, கையை ஊண்டி எழும்பு பிள்ளை; மல்லாக்கக் கிடந்து எழும்பாதை' என்றவரும் அவரே. அச்சிறு அறிவுரை மருந்துக்கு நிகராயிற்று. அன்று மாலையே கட்டிலை விட்டு இறக்கி நான்கடி நடத்தினர். இரக்கமற்ற செயலெனத் தோன்றினும் அது காக்கும் செயல். அசையாது கிடப்பவளின் கால் நாளங்களிற் குருதி உறைந்து, அவ்வுறைவு நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடாகும்.

கீறிப் பெற்றவளுக்குத் தீட்டு இராதென்று பலர் எண்ணுகின்றனர். கருப்பையின் உட்புறம் ஆறுவது இருவகைப் பேற்றிலும் ஒன்றே; ஆறு வாரம் வரையிற் குருதிக் கசிவு இருத்தல் இயல்பு. பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்கி வலிப்பதும் இயல்பு. பால் நன்கு சுரக்க ஓரிரு நாள் தாமதிக்கலாம், அது பாலில்லாமையன்று. அடிக்கடி மார்பில் விடுவதே அதற்கு மருந்து. காயத்தில் அழுத்தாது, பக்கவாட்டிற் படுத்துக்கொண்டோ குழந்தையைக் கக்கத்தின் கீழே தாங்கியோ பாலூட்டலாம். தழும்பைச் சூழ்ந்த தோல் பல மாதங்கள் மரத்துக் கிடக்கலாம். இவற்றுள் ஒன்றையேனும் அவளுக்கு முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை. எனவே ஒவ்வொன்றும் புதியதோர் ஆபத்தாகவே அவளுக்குத் தோன்றிற்று.

வீடு திரும்பியபோது மரபு அவளை ஏற்றுக்கொண்டது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் செல்லலாகாது என்னும் நம் வழக்கத்தைப் பழமை என்று இகழ்வாருளர். தீட்டென்னும் கருத்து இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும், அது தந்த ஓய்வு சிசேரியன் தாய்க்குப் பெருங் கொடையாகும். குழந்தையினும் பாரமான எதனையும் ஆறு வாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் கூறுவதும், ஒரு மாதம் வேலை செய்யலாகாது என்று பாட்டி கூறுவதும் ஒரே திசையையே சுட்டுகின்றன. சுறா வறையும் முருங்கையிலைக் கறியும் சரக்குக் கறியும் அவளுக்கு நல்லுணவாயின. கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் வேறுவேறு. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று விலக்குவது தவறு. பாலூட்டுபவளுக்கு நீர் மிகுதியாக வேண்டும், மலச்சிக்கலுக்கும் அதுவே தீர்வு. இலை அவித்த கொதிநீரைப் புதுக்காயத்தின்மேல் அடித்து ஊற்றுவதும், வயிற்றை இறுக வரிவதும் தீங்காகலாம். காயம் வேண்டுவது சுத்தமும் உலர்வும் மட்டுமே.

இத்தனையும் உடலைப் பற்றியவை. உள்ளத்திற் பட்ட காயம் வேறொன்று. பிள்ளை பார்க்க வந்த உறவுமுறை மாமி ஒருவர், 'உவளுக்கென்ன, நோகாமப் பெத்திட்டாள். நாங்கள் பட்ட பாடு உவளுக்கெங்க விளங்கப்போகுது' என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதன்று, சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அறையிலிருந்தோரும் சிரித்தனர். அவளும் சிரித்தாள், சிரித்தபோது தையல் வலித்தது. அன்று முதல் அவள் நோவைப் பற்றி வாய் திறந்தாளல்லள். நோகாமற் பெற்றவள் நோகிறது என்று எங்ஙனம் சொல்வாள்?

ஒன்பதாம் நாள் காயத்தின் ஓரம் நனைந்திருப்பதைக் கண்டாள், சொல்லவில்லை. பதினோராம் நாள் குளிர்ந்தது, போர்வையால் மூடிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் தாயார் சந்தைக்குச் சென்ற வேளை, தானும் மற்றப் பெண்களைப் போன்றவளே என்று காட்டுவாள் போல, குழந்தையின் துணிகளை அலசக் கிணற்றடிக்குச் சென்று வாளியைத் தூக்கினாள். தூக்கிய வாளியைக் கீழே வைத்தவள், துலாக்காலைப் பிடித்தவாறே நின்றுவிட்டாள். அந்நேரம் வீடு தேடி வந்த குடும்பநல மருத்துவமாது, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னர் தாயின் காயத்தைப் பார்க்கவேண்டும் என்றார். பார்த்ததும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினார். தொற்று ஆழப் பரவியிருக்கவில்லை. கிருமிகொல்லி மருந்தால் ஐந்து நாளிற் குணமாயிற்று. இன்னும் இரண்டு நாள் அவள் சிரித்துக்கொண்டிருந்திருப்பின் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

ஆகவே காய்ச்சல், காயம் சிவந்து வீங்கிச் சீழ் வடிதல், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்துள் துணி தோயும் குருதிப்பெருக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் நோவும் வீக்கமும், மூச்சுத்திணறல், தாங்கொணாத் தலையிடி ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி வைத்தியரை நாடல் வேண்டும். மூன்றாம் நாளளவிற் காரணமின்றி அழுகை வருதல் பலருக்குண்டு. இரு வாரத்துள் அது தணியும். தணியாது நீளுமாயின் அதுவும் மருத்துவம் வேண்டும் நோயே, மனத்திடமின்மை அன்று.

ஒருமுறை சிசேரியன் என்றால் என்றும் சிசேரியன் என்பதும் முழு உண்மையன்று. தகுந்த தெரிவோடு இயல்பான பேற்றை முயல்வோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் அதில் வெற்றி பெறுகின்றனர். பழைய தழும்பு பிளக்கும் ஆபத்து ஏறக்குறைய இருநூற்றில் ஒருவருக்கு உண்டாதலின், அம்முயற்சி வசதியுள்ள வைத்தியசாலையிலேயே நிகழ வேண்டும். சத்திரசிகிச்சைகள் பெருகப் பெருக, அடுத்த கருப்பத்தில் நச்சுக்கொடி தழும்பிலே ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் பெருகும். தேவையின்றிக் கத்தியை நாடலாகாது என்பது இதனாலேயாம். நாட நேர்ந்தவளை இகழ்வதற்கு இது நியாயமாகாது.

இவையனைத்தையும் ஒரு பெண்ணுக்கு அவள் மொழியிலே சொல்ல அரை மணி நேரம் போதும். மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீனும் அவர் மாணாக்கரும் 1857 ஆம் ஆண்டிலேயே 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் தந்தனர். அத்தகைய மண்ணில் இன்றும் ஓர் ஆசிரியை பொருள் விளங்காத தாளில் ஒப்பமிடுகின்றாள் என்றால், குறை மொழியினுடையதன்று. சொல்ல வேண்டும் என்னும் நினைவில்லாத நம்முடையது.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் குழந்தைக்குக் காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்தனர். பெற்றவளுக்கு ஒரு பருவமேனும் வகுத்தாரில்லை. பிள்ளை பார்க்கச் செல்பவர் தொட்டிலை நோக்குமுன் கட்டிலை நோக்கி, 'உனக்கு எப்படி இருக்குது பிள்ளை?' என்று வினவுவாராயின் அக்குறை ஓரளவேனும் தீரும். வினவியபின், அவள் சொல்லும் விடையைச் சிரிக்காமற் கேட்டலும் வேண்டும்.