கண்ணாடி வேர்க்குது

விருதுநகர்க்காரனுக்குக் கார்ல தெரிஞ்ச பட்டன் ஒண்ணே ஒண்ணுதான். ஏசி. அதுக்குத் துணையா இன்னொண்ணு இருக்கும். கார் படம் போட்டு அதுக்குள்ள அம்புக்குறி வளைஞ்சு ஓடுற மாதிரி ஒரு பட்டன். அதை அமுக்கினா வெளிக்காத்து உள்ள வராது, உள்ள இருக்கிற காத்தே சுத்திச் சுத்தி வரும். சித்திரை மாசத்துல சாத்தூர் ரோட்டுல போறவன் அதை அமுக்காம விட்டா வெளியில இருக்கிற அனல் அப்படியே உள்ள வந்துரும். அதனால எங்க ஊர்க் கார்கள்ல அந்த பட்டனை வாங்கின அன்னிக்கு அமுக்கினா விக்கிற அன்னிக்குத்தான் எடுப்பாங்க. நானும் அந்த வம்சம்தான் :)

இப்படிப்பட்ட ஆளைத் தூக்கி 2012-ல மினசோட்டாவுல போட்டாங்க. பொட்டி தட்டுற வேலை. மினியாபொலிஸ் பக்கத்துல ஈடன் பிரெய்ரின்னு ஒரு ஊரு. பேருதான் ஈடன், டிசம்பர் வந்தா ஏதேனுமில்ல ஒண்ணுமில்ல, வெறும் ஐஸ்பெட்டி. முதல் குளிர்காலத்தை ஆபீஸ் நண்பர் கார்லயே ஒண்டிக்கிட்டு ஓட்டிட்டேன். ரெண்டாவது குளிர்காலத்துக்கு முந்தி ஒரு பழைய கார் வாங்கியாச்சு. தங்கமணிக்கு (பேரு அதில்லங்க, நீங்கல்லாம் வச்சிருக்கிற பேருதான்) ஜனவரியில பிரசவம்னு டாக்டர் தேதி குடுத்திருந்தாங்க. சிவகாசிலேருந்து அம்மா வந்து இறங்கினா.

அம்மாவைப் பத்திச் சொல்லணும். நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அம்மா பட்டாசு ஆபீஸ்லதான் வேலை பார்த்தா. எங்க பக்கம் ஃபேக்டரியை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். 1920-கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயி தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சது. மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி, விவசாயத்துக்கு ஆகாத பூமி, அதனாலயே இந்தத் தொழிலுக்கு ஆச்சு. எங்க தாத்தா வெள்ளாமை பார்த்துத் தோத்த அதே வறட்சியிலதான் அம்மா எனக்கு ஃபீஸ் கட்டினா.

சரி, கார் மேட்டருக்கு வருவோம்.

குளிர்காலத்துக்குக் காரைத் தயார் பண்றதுன்னா அங்க ஐப்பசி கார்த்திகையிலயே ஆரம்பிச்சிருவாங்க. முதல்ல பேட்டரி. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்ல பேட்டரியோட பலம் கிட்டத்தட்ட பாதியாயிரும், அதே நேரத்துல இஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகி இஞ்சினைச் சுத்த ரெண்டு மடங்கு பலம் கேக்கும். வரவு பாதி, செலவு ரெட்டிப்பு. ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தக் கூடாது, பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தாத்தான் மைனஸ் 35 வரைக்கும் உறையாது. எங்க ஊர் வேன் டிரைவர் அண்ணன்கள் பிஸ்லேரி பாட்டில்ல தண்ணி புடிச்சு ரேடியேட்டர்ல ஊத்துறதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுசு. அங்க அப்படி ஊத்தினா தண்ணி உறைஞ்சு வீங்கி இஞ்சின் பிளாக்கே வெடிச்சுரும். கண்ணாடி கழுவுற தண்ணி கூட உறையாத ரகமா வாங்கணும். டயர்ல 10 டிகிரி பாரன்ஹீட் இறங்கினா ஒரு பவுண்டு காத்து குறையும். சில கார்களோட மூக்குலேருந்து கரண்டு ஒயர் தொங்கிக்கிட்டு இருக்கும், ராத்திரி பூரா இஞ்சினைச் சூடா வைக்க பிளக்ல சொருகுறதுக்கு. நான் முதல்ல பார்த்தப்ப எலெக்ட்ரிக் கார்னு நினைச்சு ஆச்சரியப்பட்டேன். நல்ல வேளை யார்கிட்டயும் சொல்லல.

அப்புறம் டிக்கி. பனியில மாட்டிக்கிட்டா உயிர் பொழைக்க ஒரு மூட்டை: கம்பளி, மண்வெட்டி, டயர் வழுக்கினா போட மணல், டார்ச், திங்க ஏதாச்சும், ஒரு தகர டப்பா, மெழுகுவத்தி, தீப்பெட்டி. ஆமா, தீப்பெட்டி! அதை நான் அங்க காசு குடுத்து வாங்கினேன். பில்லைப் பார்த்துட்டு அம்மா ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவுதான்.

அம்மாவைக் கார்ல முதல் தடவை கூட்டிட்டுப் போனப்ப ஒரு கூத்து. சீட்டு சூடாக்குற பட்டனைப் போட்டு விட்டேன், வயசானவங்களுக்குக் குளிருமேன்னு. சொல்லிட்டுப் போட்டிருக்கணும். ரெண்டு நிமிசம் கழிச்சு அம்மா பெல்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு, "ஏய்யா, வண்டியை நிப்பாட்டு, அடியில சுடுது!" கதவைத் திறக்கப் போயிட்டா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. உக்காந்திருக்கிற இடம் சுட்டா எந்திரிச்சு ஓடுன்னுதான் அவளுக்கு முப்பது வருசமா சொல்லிக் குடுத்திருக்கு. ரூமுக்கு ரெண்டு பக்கமும் வாசல் வச்சிருக்கிறதே அதுக்குத்தான். எனக்கு அது அப்புறமாத்தான் உறைச்சுது.

டிசம்பர் கடைசியில ஒரு சாயங்காலம் பெட்ரோல் போடப் போனோம். அங்க நம்மளேதான் போட்டுக்கணும். கொக்கியை மாட்டிவிட்டா அது பாட்டுக்கு ஓடும். குளிர் தாங்காம நான் கார்க்குள்ள வந்து உக்காந்துட்டேன். உள்ள ஹீட்டர், மேல பாலியெஸ்டர் ஜாக்கெட்டு, கீழ துணி சீட்டு. பம்பு நின்ன சத்தம் கேட்டு வழுக்கிக்கிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். சுள்ளுனு ஒரு ஷாக். இருட்டுல விரலுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு நீலப் பொறி. குளிர்காலத்துல அங்க இது தினப்படி நடக்கிறதுதான், காத்துல ஈரமே இல்லாததால உடம்புல மின்சாரம் சேர்ந்துரும்.

அம்மா பின் சீட்டுலேருந்து போட்ட சத்தத்துல பக்கத்துப் பம்புல நின்ன வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தாரு.

"அதைத் தொடாத! முதல்ல இரும்பைத் தொடு! ரெண்டு கையாலயும் தொட்டுட்டு அப்புறம் போ!"

தொட்டேன். பெட்ரோல் குழாயை எடுத்து மாட்டினேன். உள்ள வந்து உக்காந்தா அம்மாவுக்குக் கை நடுங்குது.

பட்டாசு ஆபீஸ்ல மருந்து ரூம் வாசல்ல ஒரு செம்புத் தகடு பதிச்சிருப்பாங்க, தரைக்குள்ள கம்பி போயிருக்கும். உள்ள போறதுக்கு முந்தி அதைத் தொடணும். நைலான் சேலை கட்டக் கூடாது, பருத்திதான். செருப்பு வாசல்லயே. சட்டப்படி ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. இதெல்லாம் நான் கேட்டிருக்கேன், ஆனா கோயில் வாசல்ல படியைத் தொட்டுக் கும்பிடுற மாதிரி ஏதோ சடங்குன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னிக்குத்தான் அம்மா சொன்னா, அவகூட வேலை பார்த்த ஒரு அக்கா ஒருநாள் அவசரமா உள்ள போனதை. அவங்க பேரைச் சொன்னா. என்ன சேலை கட்டியிருந்தாங்கன்னு சொன்னா. அதுக்கு மேல சொல்லல, நானும் கேக்கல. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில முப்பதுக்கு மேல செத்துப் போனப்ப நான் இங்கேருந்து போன் பண்ணி, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சுமாம்மா"ன்னு கேட்டேன். "எல்லாரும் தெரிஞ்சவங்கதான்"னு சொல்லி வச்சுட்டா.

மறுநாள் பகல்ல போய்ப் பார்த்தா பம்பு மேல ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு. பெட்ரோல் போடும்போது கார்க்குள்ள திரும்பப் போய் உக்காராதே, குழாயைத் தொடுறதுக்கு முந்தி வேற உலோகத்தைத் தொட்டுக்கோன்னு. மைனஸ் 20-லயும் பெட்ரோல் ஆவி பத்திக்கும், அதுக்குக் குளிரெல்லாம் கணக்கில்ல. ஒன்றரை வருசமா அந்த ஸ்டிக்கருக்கு முன்னால நின்னிருக்கேன். படிச்சதில்ல.

2014 ஜனவரி 5 ராத்திரி. அமெரிக்காவுக்கே அந்த வாரம் போலார் வோர்டெக்ஸ்னு ஒண்ணு இறங்கியிருந்துச்சு. மினசோட்டா கவர்னர் மார்க் டேட்டன் 6-ம் தேதி மாநிலம் பூரா அரசுப் பள்ளிக்கூடங்களுக்குக் குளிருக்காகவே லீவு விட்டுட்டாரு. எங்க ஊர்ல மழைக்கு லீவு விட்டுப் பார்த்திருக்கோம். அன்னிக்கு விடியக்காலம் மைனஸ் 20 பாரன்ஹீட்டுக்கும் கீழ. செல்சியஸ்ல மைனஸ் 29-ன்னு வச்சுக்கோங்க.

மூணரை மணிக்குத் தங்கமணி எழுப்பினா. தண்ணி உடைஞ்சுருச்சு.

கார் கராஜ்ல நின்னதால ஸ்டார்ட் ஆயிருச்சு. கராஜ் கதவை முழுசாத் திறந்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும், இல்லேன்னா புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஆளை முடிச்சுரும், அது மட்டும் படிச்சு வச்சிருந்தேன். தங்கமணி முன் சீட்டு, அம்மா பின்னால பையோட. கால் சில்லிடுதுன்னு தங்கமணி சொன்னதால ஹீட்டரைக் காலுக்கு மட்டும் திருப்பினேன். சீக்கிரம் சூடாகட்டும்னு அந்த வளைஞ்ச அம்புக்குறி பட்டனையும் அமுக்கினேன். கை தன்னால போகுது, விருதுநகர்க் கை.

494-ல ஏறி ரெண்டு மைல் போகல, முன் கண்ணாடி ஓரத்துலேருந்து மங்க ஆரம்பிச்சுது. வெளியிலன்னு நினைச்சு வைப்பரைப் போட்டேன். போகல. உள்பக்கம்! மூணு பேரு விடுற மூச்சு, அதுலயும் ஒருத்தி வலியில மூச்சு வாங்குறா, அத்தனை ஈரமும் வெளிய போக வழியில்லாம கண்ணாடியில போய் உக்காந்து உறையுது. கையால துடைச்சேன். அது இன்னும் மோசம், கோடு கோடா ஐஸ் ஆயிருச்சு. அந்தக் குளிர்ல ரோட்டுல போடுற உப்பும் வேலை செய்யாது. போற வர்ற வண்டிகளோட புகையில இருக்கிற ஆவியே ரோட்டுல கண்ணுக்குத் தெரியாத ஐஸா படிஞ்சிருக்கும். பிரேக்கை அமுக்கவும் பயம், போகவும் வழி தெரியல. எனக்கு முன்னால ரெண்டு சிவப்பு வெளிச்சம், அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சத்தியமாத் தெரியல. தங்கமணி என் கையைப் பிடிக்கிறா, அது வலிக்கா பயத்துக்கான்னும் தெரியல.

"ஏய்யா, கண்ணாடி வேர்க்குது. சன்னலைத் திற."

"அம்மா, மைனஸ் இருபதும்மா!"

"ஈரத்தை உள்ள பூட்டி வச்சா அது எங்க போகும்? திற."

நான் திறக்கல. அவளே பின் சன்னலை ரெண்டு விரல்கடை இறக்கிட்டா. கத்தி மாதிரி காத்து. தங்கமணி கத்தினா. ஆனா அந்தக் காத்து மூஞ்சில அடிச்சப்பதான் எனக்குப் புத்தி வந்துச்சு. அம்புக்குறி பட்டனை எடுத்து வெளிக்காத்தைத் திறந்தேன், ஹீட்டரை முன் கண்ணாடிக்குத் திருப்பி முழு வேகத்துல வச்சேன், பின் கண்ணாடிக் கம்பிகளுக்கான பட்டனையும் போட்டேன். டாஷ்போர்டு ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை விழுந்துச்சு. அதுக்குள்ள குனிஞ்சு பார்த்துக்கிட்டே 25 மைல் வேகத்துல போனேன். அஞ்சு நிமிசத்துல பாதிக் கண்ணாடி தெளிஞ்சுருச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினப்ப முழுசும்.

விசயம் இவ்வளவுதான். வெளிய அவ்வளவு குளிர்ல இருக்கிற காத்துல ஈரமே இருக்காது, பட்டாசு காயப் போடுற வெயில் காத்தை விடக் காஞ்ச காத்து. அதை உள்ள விட்டுச் சூடாக்கினா கண்ணாடியில இருக்கிற ஈரத்தைக் குடிச்சுரும். கண்ணாடிக்குக் காத்தைத் திருப்பினா ஏசி லைட்டு தானா எரியுறதைப் பார்த்து நான் ரிப்பேருன்னு நினைச்சு அமத்திக்கிட்டே இருந்திருக்கேன். ஏசி காத்தை உலர்த்துறதுக்காகத்தான் எரியுது. உறைநிலைக்குக் கீழ போயிட்டா பெரும்பாலும் கம்ப்ரஸர் ஓடாது, அப்ப வெளிக்காத்து மட்டுமே போதும்.

அம்மாவுக்கு எப்படித் தெரியும்னு ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டேன், பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு இருந்தா. அலுமினியப் பவுடர்ல ஈரம் பட்டா தீயே இல்லாம தானாச் சூடாகுமாம். மழை பெஞ்சா வேலையை நிப்பாட்டி எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்களாம். "ஈரம் எங்க இருக்கு, எங்க போகுதுன்னு பார்க்கிறதுதான்டா சோலி, வெடி செய்யிறதெல்லாம் அப்புறம்"னா. சொல்லிட்டு என் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, "இது நைலான்தான, பிள்ளையைத் தூக்கும்போது கழட்டிரு"ன்னா.

நாங்க 2019-லயே ஊருக்குத் திரும்பிட்டோம். போன வருசம் ஐப்பசியில, சிவகாசிலேருந்து ஆமத்தூர் வழியா விருதுநகர் வர்றோம், நல்ல மழை, கண்ணாடி மங்குது. இங்க கதை வேற, வெளிக்காத்துலயே ஈரம், சன்னலைத் திறந்து பிரயோசனமில்ல, ஏசியைப் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்பினாத்தான் ஆகும். சில டிரைவர் அண்ணன்கள் புகையிலையைத் தேய்ப்பாங்க, அது வெளிப்பக்கத்துக்கு. நான் இதையெல்லாம் விளக்கிக்கிட்டே பட்டனைத் தேடுறதுக்குள்ள பின் சீட்டுலேருந்து சாரல் அடிக்குது. திரும்பிப் பார்த்தா அம்மா சன்னலை ரெண்டு விரல்கடை இறக்கியிருக்கா. பக்கத்துல என் பொண்ணும் அவ பக்கத்து சன்னலை இறக்கிக்கிட்டு இருக்கா.

ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல.