திரும்பிப் படிப்பதற்காக எழுதும் ஏடு

தியான நாட்களில் குறிப்பேட்டைத் திறப்பவர் பலரும், இறைவன் தம்மிடம் எதை விரும்புகிறார் என்ற கேள்விக்கு எழுதும்போதே விடை வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வழியில் தியானம் நடத்தும் எங்களைப் போன்றவர்கள் முதலில் கலைக்க வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான். எழுதும் நேரத்தில் தெளிவு பிறப்பது அபூர்வம். பல நாள் எழுதியதை வரிசையாகத் திரும்பிப் படிக்கும்போதுதான் மனம் எந்தப் பக்கம் நிலையாகச் சாய்கிறது என்று தெரியவரும். ஆகவே ஏட்டில் ஏற வேண்டியவை, ஓர் எண்ணம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது, போன பிறகு உள்ளத்தில் எதை விட்டுச் சென்றது என்பவையே.

1521இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் கால் நொறுங்கி, லொயோலா வீட்டில் படுத்திருந்த இஞ்ஞாசியாருக்கு இரண்டு கனவுகள் மாறிமாறி வந்தன. ஒன்று, உயர்குலப் பெண் ஒருத்திக்காக வீரச்செயல் புரிவது. மற்றது, புனிதர்களைப் போல வாழ்வது. எண்ணிக்கொண்டிருக்கும்போது இரண்டுமே இனித்தன. முதலாவது போன பிறகு வறட்சி, இரண்டாவது போன பிறகும் மகிழ்ச்சி. இந்த வேறுபாட்டை அவர் உடனே காணவில்லை, நாளடைவில்தான் கண்டார். ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் உள்ளத்து அசைவுகளைப் பிரித்தறிய அவர் வகுத்த தேர்ந்து தெளிதல் விதிகளுக்கு அதுவே வித்து. அந்தப் படுக்கை நாட்களிலேயே, தாம் வாசித்த நூல்களிலிருந்து கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும் மரியாளின் சொற்களை நீல மையிலும் படியெடுக்கத் தொடங்கியிருந்தார். பின்னாளில் ரோமில், தம் சபை இல்லங்களின் ஆலயங்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா என்ற கேள்வியை முன்வைத்து 1544 பிப்ரவரி 2 முதல் நாள்தோறும் ஏடு எழுதினார். சிந்திய கண்ணீரும், செபத்தின் இடையூறுகளும்கூட அதில் இருக்கின்றன. மார்ச் 12 அன்று, இன்னும் உறுதி வேண்டும் என்று தாம் அடையாளங்களைத் தேடிக்கொண்டே போவதை உணர்ந்து, அந்தத் தேடலை முடித்தார். ஏட்டின் பயன்களில் இதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தேட வேண்டியதைக் காட்டியது போலவே, தேடலை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அது அவருக்குக் காட்டியது.

எழுதுகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள மாட்டானா என்ற ஐயம் நியாயமானது. பேனா அழகுபடுத்தும், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு இறைவனின் பெயரைச் சூட்டவும் செய்யும். அதனால்தான் இந்தப் பயிற்சிக்குக் கறாரான வேலிகள் உண்டு. செபம் முடிந்து கால் மணி நேரம், அது எப்படி நடந்தது என்று மட்டும் பார்க்க வேண்டும். உள்ளம் வறண்டு கிடக்கும் வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது. ஒன்றை ஏற்பதன் நன்மை தீமைகளை எழுதினால், ஏற்காததன் நன்மை தீமைகளையும் தனியே எழுத வேண்டும். இப்படி அமையும் நான்கு பத்திகளில் நான்காவதான ஏற்காததன் தீமைகள் வெறுமையாகவே இருந்தால், எழுதியவர் இன்னும் விடுதலை மனத்தோடு தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். இத்தனைக்குப் பிறகும் ஏடு தனியாகப் போதாது. 1523இல் எருசலேமிலேயே தங்கிவிட வேண்டும் என்று இஞ்ஞாசியார் உறுதியாக எண்ணியிருந்தார். அங்கிருந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவர் திருப்பி அனுப்பினார். பார்சலோனாவில் முப்பது வயதைத் தாண்டிச் சிறுவர்களோடு இலத்தீன் கற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். உள்ளே கேட்ட குரலை வெளியிலிருந்து ஒருவர் சோதிக்க இடம் கொடுக்க வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கே நாள் முழுதும் உழைப்பவருக்கு வாழ்வின் நோக்கம் பற்றிய ஏடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வேலையை மாற்ற முடியாதவருக்கும் தேர்வுகள் உண்டு: யாரிடம் கோபத்தை அடக்குவது, எதற்குக் கடன் வாங்குவது, எந்த அநீதிக்குத் தலையாட்ட மறுப்பது. ஒரு வாழ்க்கையின் போக்கு இவற்றால்தான் அமைகிறது. எழுதத் தெரியாதவர் வழிகாட்டியிடம் வாய்விட்டுச் சொன்னாலும் இதே பயன் கிட்டும். எழுதத் தெரிந்தவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி போடுங்கள். முடிவெடுக்கும் முன் பழைய பக்கங்கள் முழுவதையும் படியுங்கள். உங்களைப் புகழாத ஒருவரிடம் அவற்றை வாசித்துக் காட்டுங்கள்.