கறி இல்லாத கொத்துக்கறி

ஆச்சியின் சமையல் நோட்டில் ஒரு பக்கத்தின் தலைப்பு ‘கொத்துக்கறி’. கீழே கிஸ்மிஸ், கருந்திராட்சை, அன்னாசி, நாரத்தங்காய்த் தோல், கருப்பட்டி, கிராம்பு, பட்டை, சாதிக்காய் என்று வரிசையாக இருக்கும். கறி மட்டும் இருக்காது.

அதற்கு வீட்டில் ஒரு கதை உண்டு. ஆச்சியின் அப்பா குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவில் பட்லர். துரைசாணி சொல்லச் சொல்ல ஆச்சி எழுதினாளாம். அவசரத்தில் கறியை விட்டுவிட்டாளாம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் யாராவது இதைச் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. குழம்புக்கு மிளகை எண்ணிப் போட்டவள் கறியையா மறப்பாள்?

மறக்கவில்லை. துரைசாணி சொன்னது மின்ஸ்மீட், கிறிஸ்மஸ் ‘பை’ பலகாரத்துக்குள் வைக்கும் பழப் பூரணம். அதில் ஒரு காலத்தில் நிஜமாகவே இறைச்சி இருந்தது. பிறகு மெல்ல நழுவிப்போனது. ஹன்னா கிளாஸ் 1747இல் லண்டனில் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே, வேண்டுமென்றால் மாட்டு நாக்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அது வந்துவிட்டது. கறி போனாலும் பேர் போகவில்லை. அந்தப் பேரைத்தான் ஆச்சி தமிழாக்கி வைத்திருக்கிறாள்.

நான் மாட்டிக்கொண்டது வேறொரு வரியில். ‘சூட்டு கால் ராத்தல்’ என்று எழுதி, அடித்து, மேலே ‘நெய்’ என்று எழுதியிருந்தது. சூட்டைத் தராசில் நிறுக்க முடியுமா? அடுப்புச் சூடு என்று நினைத்தேன். ‘சுட்டு’ என்பதில் உகரம் நீண்டுவிட்டதோ என்று நினைத்தேன். பழைய முகத்தலளவை வாய்ப்பாடுகளைக்கூடப் புரட்டினேன். இரண்டு மாதம் அந்த ஒரு சொல்லிலேயே போயிற்று.

தென்காசியில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்டால், “அந்தச் சாடிய மேல் பரண்ல வைக்காத, எறும்பு வரும்” என்பாள். எதைக் கேட்டாலும் பரண், எறும்பு.

சரி, சொல்லை விட்டுப் பொருளைப் பிடிப்போம் என்று ஆடிச் சாரலில் குற்றாலம் போனேன். காரணம் இருந்தது. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைப் பயிர்த் தோட்டத்தில்தான் கிராம்பு இந்திய மண்ணில் முதலில் வேர்பிடித்தது. துரைசாணி கற்றுக்கொடுத்ததாகவே இருக்கட்டும், சரக்கு எங்கள் மலையுடையது என்று நிலைநாட்டிவிட ஆசை. பேரருவிக்குப் போகும் கடைத்தெருவில் ஒரு பிடி கிராம்பை முகர்ந்துகொண்டே, “நம்ம மலைச் சரக்குதானே?” என்றேன்.

“மலைச் சரக்கு கொஞ்சந்தான் வரும். இது மடகாஸ்கர், அண்ணாச்சி.”

யோசித்தால், மலையில் நட்டதும் மொலுக்கா தீவுகளிலிருந்து வந்த சாதிதான். எதை வைத்து யாரிடம் உரிமை கொண்டாடுவது? கிராம்பை வாங்கிக்கொண்டு தென்காசிக்குத் திரும்பினேன்.

பொட்டலத்தைப் பார்த்ததும் பெரியம்மா மனம் இளகினாள். “சூட்டுன்னா மாட்டுக் கொழுப்புல. சிறுநீரகத்தச் சுத்தி இருக்கும். துரை வீட்டுல போடுவாக. ஆச்சி நெய்ய ஊத்திட்டா.” சூயட்! மார்கழிக் குளிரில் நெய் உறைந்து ஊறல் சாடியின் வாயை அடைத்துக்கொள்ளும். வெள்ளைப் படலத்தைக் கரண்டிக் காம்பால் உடைத்தால்தான் உள்ளே கறுப்பாகப் பழம் தெரியும்.

“யாரு சொல்லிக்குடுத்தான்னே கேக்கியே, அவ்வளவையும் எப்படித் தீத்தோம்னு கேட்டியால?”

கேட்கவில்லைதான். அதன்பின் அவளை நிறுத்த முடியவில்லை. வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது, ‘பை’ செய்ய வழியில்லை. அதனால் முதல் வாரம் சோமாசிக்குப் பூரணம். பிறகு கொழுக்கட்டை. பிறகு ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள. பொங்கல் நெருங்கும்போது சாடியின் அடியில் கிடப்பதை வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவோடு பிசைந்து, உருட்டி, மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தால் முந்திரிக்கொத்து.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். முந்திரி என்றால் கொடிமுந்திரி, திராட்சை. குலைபோல ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். வழக்கமான முந்திரிக்கொத்தில் திராட்சையும் இருக்காது. ஆச்சியுடையதில் இருந்தது. கறி இல்லாத கொத்துக்கறி உள்ளே போனதால், அந்த ஒரு பலகாரத்துக்கு மட்டும் பெயர் பொருந்திவிட்டது. துரைசாணிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: பிசைவதற்கு முன் ஊறலை நன்றாக வடித்துவிடுங்கள். பாகு கசிந்தால் எண்ணெய் தெறிக்கும். என் இடது மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.