பேரனின் டர்போ காரும் ஐந்து அயிட்டப் பட்டியலும்

என் மகள் வயிற்றுப் பேரன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் கார் வாங்கினான். சித்ரோஎன் சி3, டர்போ எஞ்சின். ஷோரூமில் 'சிட்ரான்' என்றார்களாம், அவனும் அப்படியே சொல்கிறான். புதுவையில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் காதில் அது நாராசம். ஆனால் வண்டி திருவள்ளூர்ப் பக்கம் தயாராவது. பெயரும் இந்த ஊர்க்காரன் வாயில் எப்படி வருகிறதோ அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நம்பர் பிளேட் மாட்டிய வாரமே அவன் ஒரு பட்டியலோடு வந்தான். 17 அங்குல அலாய் சக்கரம், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், காற்றைத் தாராளமாக விடும் ஏர் ஃபில்டர், கனத்த சத்தம் போடும் சைலன்சர், கடைசியாக ஈசியூ ரீமேப், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதுவது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும். "தாத்தா, இதுல முதல்ல எது பண்ணலாம்?" என்றான். வாகனப் பதிவுப் பிரிவில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். ஆர்.சி. புத்தகம் எழுதியே விரல் காய்ப்பு ஏறியது. அதனால் என்னிடம் கேட்டான் என்று பெருமைப்பட்டேன். அவன் அம்மாதான் அனுப்பினாள் என்பது பிறகு தெரிந்தது.

உங்கள் வீடுகளிலும் பேரப்பிள்ளைகள் இப்படி வண்டி வாங்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்த பேச்சு உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

முதலில் இந்த டர்போ. பள்ளியில் எங்களுக்குக் கொஞ்சம் லத்தீனும் உண்டு. அதில் 'டர்போ' என்றால் பம்பரம், சுழல்காற்று. பொருத்தமான பெயர்தான். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே இதற்கு உரிமம் பெற்றுவிட்டார். பேரன் வண்டியில் மூன்றே சிலிண்டர், 1,199 சி.சி. டர்போ இல்லாத அதே அளவு எஞ்சின் 82 குதிரைசக்தி தருகிறது; இது 110 தருகிறது. அந்தப் பம்பரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இதைத் தெரிந்துகொண்டால் பட்டியலில் பாதி தானாக அடிபட்டுப் போகும். முதலில் அடிபட்டது ஏர் ஃபில்டர். எங்கள் ஊர் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் என்று பெயர். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி இங்கே கூடுவது தூசிதான். சுற்று வட்டாரத்தில் கல் குவாரி, கிரஷர். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் நாள் முழுக்க பாலத்தைக் கடந்து பழையசீவரம் பக்கம் போகின்றன. துணி உலர்த்தினால் மாலையில் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறம். காற்று தாராளமாகப் போகும் ஃபில்டரில் தூசியும் அதே தாராளத்தோடு போகும். லட்சம் சுற்றில் ஓடும் தகட்டில் கல்தூள் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேரன் பதில் சொல்லவில்லை, பேனாவால் அடித்துவிட்டான். கம்பெனி ஃபில்டரையே பாதிக் கிலோமீட்டரில் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆயிலையும் அப்படியே முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்றேன்.

அடுத்து சக்கரம். வண்டியோடு வந்த டயர் 195/65 ஆர்15. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது: 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் டயரின் பக்கச் சுவர், அதாவது ஏறக்குறைய 127 மில்லிமீட்டர். பேரன் கேட்டது 205/45 ஆர்17. அதன் பக்கச் சுவர் 92 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் மெத்தையாக இருப்பது இந்தச் சுவர்தான். டிப்பர் ஓடிய ரோட்டில் மூன்றரை சென்டிமீட்டரை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமா? ஸ்பிரிங்கைத் தாழ்த்துவதற்கும் இதே பதில். எங்கள் தெரு வேகத்தடையை நேரில் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ரீமேப் விஷயத்தில்தான் உண்மையான வாக்குவாதம். முப்பதாயிரம் செலவில் இருபது குதிரை கூடும் என்கிறான். கூடும்தான், மறுக்கவில்லை. காற்றழுத்தத்தை ஏற்றினால் சூடும் ஏறும். கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய கணக்குக்குச் செய்தவை. போட்ட பெட்ரோல் அழுத்தம் தாங்காமல் முன்கூட்டியே வெடித்தால் பிஸ்டன் அடி வாங்கும். உத்தரவாதமும் போய்விடும். இத்தனையும் சொன்ன பிறகும் அவன் முகம் மாறவில்லை. அப்போதுதான் ஆபீசில் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

நான் பணியில் இருந்தபோது ஒருவர் வந்தார். மகன் காரை இஷ்டத்துக்கு மாற்றியிருந்தான். விபத்து. பையன் ஆஸ்பத்திரியில். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து வண்டியைப் பார்த்து, இது பதிவேட்டில் உள்ள வண்டியே இல்லை என்று எழுதிவிட்டார். நஷ்டஈடு மறுப்பு. எங்களிடம் கேட்டது ஆர்.சி.யின் சான்றளித்த நகல். அந்த அப்பா கேட்டது வேறு: அந்த மாற்றங்களை முன்தேதியிட்டு இப்போது ஏற்றித்தர முடியுமா என்று. முடியாது என்றேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்வது எளிது: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. ரீமேப் ஆர்.சி.யில் தெரியாதே என்பான் கடைக்காரன். விபத்து நடந்த பிறகு எல்லாம் தெரியும்.

எங்கள் ஊர்க் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கை ஆதுலர் சாலை, வைத்தியர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், அவர்களுக்கு நெல் கூலி, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் அளவு வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். குமாஸ்தா மனசுக்கு இதைவிட அழகான கல்வெட்டு கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஊரிலேயே கிடைத்த வைத்தியத்துக்கு இன்று ராத்திரியில் செங்கல்பட்டு போக வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு இதய நோய். நெஞ்சு வலி வந்தால் அவளை ஏற்றிக்கொண்டு, விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டிப்பர்களைத் தாண்டிப் போகப்போவது இந்த வண்டிதான். "அப்போ இது சட்டுனு நிக்கணும்டா, ஓடறது அப்புறம்" என்றேன்.

அதற்குப் பிறகு பட்டியலைப் புதிதாக எழுதினோம். அதே அளவில் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் உயர்ரக டயர். வண்டியோடு வந்த புது டயர்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் வாங்கினார். முன் பிரேக்குக்கு நல்ல பேட். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது, அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவது. ஹெட்லைட்டின் உயரத்தைச் சுவரில் அடித்துச் சரிபார்த்தோம், செலவில்லை. சீட் கவர் வாங்கும்போது பக்கவாட்டு ஏர்பேக்கை மூடித் தைக்காததாகப் பார்த்தோம். முன்னால் இரும்புக் கம்பி மாட்டலாமே என்று கேட்ட என் மைத்துனருக்கு, 2017 இறுதியிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது என்று பதில் போயிற்று.

பேரனுக்கும் ஏதாவது வேண்டுமல்லவா. அதே 15 அங்குலத்தில் கறுப்பு அலாய் போட்டுக்கொண்டான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, அனுமதி வாங்கி அங்கே ஓட்டு என்றேன், விசாரித்துக்கொண்டிருக்கிறான். ரீமேப்பை உத்தரவாதம் முடிந்த பிறகு மறுபடி பேசுவதாக ஒத்திவைத்திருக்கிறோம். தேதியை அவன் செல்போனில் குறித்துக்கொண்டான், நான் டைரியில்.

மட்-ஃபிளாப் நாலும் சேர்த்து 900 ரூபாய். அதை நான் கொடுத்தேன்.