அந்த அசிங்கமான சீலிங்

'லாஃப்ட்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நீங்கள் சென்னை ஃப்ளாட்வாசி என்றால், ஸ்டூல் போட்டு ஏறினால் மட்டும் எட்டும் அந்த சிமென்ட் பரண்தானே? கொலு பொம்மைப் பெட்டி, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த அண்டா, ஓடாத மிக்ஸி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த டி.வி. அட்டைப்பெட்டி எல்லாம் நித்திரை கொள்ளும் இடம்.

நியூயார்க்கில் ஓர் இன்டீரியர் டிசைன் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். "நாளைக்கு ஒரு லாஃப்ட் பார்க்கப் போகிறோம்" என்றார் பாஸ். ஏணி கொண்டு வரவேண்டுமா என்று கேட்டேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நானும் கூடவே சிரித்து வைத்தேன்.

மறுநாள் சோஹோ பகுதியில் அந்த லாஃப்ட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 25 அடி அகலம், 100 அடி நீளம், 14 அடி உயரம். நடுவில் ஒரு சுவர் கிடையாது. வரிசையாக இரும்புத் தூண்கள், ஆள் உயரத்தைவிடப் பெரிய ஜன்னல்கள். சின்னதாக ஒரு கல்யாணமே நடத்தலாம். இதற்குப் போய் அந்த ஊரில் பரண் என்று பெயர்!

அந்தக் கட்டடங்களின் கதை சுவாரஸ்யமானது. பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் துணி வியாபாரத்துக்கும் பட்டறைகளுக்குமாகக் கட்டியவை. ஜன்னல்கள் அவ்வளவு பெரிதாக இருப்பது அழகுக்காக அல்ல. அப்போது மின்சார விளக்கு கிடையாது. உள்ளே தைக்கிறவன் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். தரை அத்தனை கனமாக இருப்பது மெஷின்களையும் துணி பேல்களையும் தாங்குவதற்காக. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல்தான் கெட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போயின. காலியான மாடிகளில் காசில்லாத ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். சட்டப்படி அங்கே குடியிருக்கக் கூடாது. ராத்திரி தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருப்பது தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே? 1961-ல் நகர நிர்வாகம் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதித்தது. வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்று ஒரு போர்டு. நமக்கு அது ஆல் இந்தியா ரேடியோ. அவர்களுக்கு 'ஆர்ட்டிஸ்ட் இன் ரெஸிடென்ஸ்'. உள்ளே ஒரு கலைஞன் தூங்குகிறான், தயவுசெய்து காப்பாற்றவும் என்று அர்த்தம். 1971-ல்தான் கலைஞர்கள் அங்கே குடியிருப்பது சட்டப்படி சரி என்றாயிற்று. அதே வருஷம் கார்டன் மாட்டா-கிளார்க் என்ற கலைஞர், நண்பர்களோடு சேர்ந்து 'ஃபுட்' என்ற ஓட்டலை அங்கே ஆரம்பித்தார். சமைப்பதைச் சாப்பிடுகிறவர் பார்க்கலாம். கலைஞர்களே சமைத்தார்கள், கலைஞர்களே சாப்பிட்டார்கள்.

அவர்கள் வீட்டுச் செங்கல் பூச்சில்லாமல் இருந்தது என்றால் பூசக் காசில்லை என்று அர்த்தம். குழாய் வெளியே தெரிந்தது என்றால் மூடக் காசில்லை. அப்புறம் பணக்காரர்கள் வந்தார்கள். பூசாத செங்கல் ஃபேஷன் ஆகிவிட்டது. நல்ல பூச்சை உடைத்து எறிந்து ஏழ்மையை வரவழைக்க ஏகப்பட்ட டாலர் செலவழித்தார்கள். அந்த ஏழ்மைக்குப் பிளான் போட்டுக் கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

2003-ல் எனக்கு முதல்முறையாகத் தனிப் பொறுப்பாக ஒரு வேலை வந்தது. அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓட்டல். ஓனர் ஒரு கிரேக்கக்காரர். இருபது வருஷம் பிறர் கிச்சன்களில் வெந்தவர். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டியிருந்தார்.

ஓட்டல் டிசைன் என்றால் நாற்காலி, விளக்கு, பெயிண்ட் என்று நினைக்கிறீர்களா? முதல் கேள்வி, 'புகை எங்கே போகும்?' அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூடிலிருந்து ஒரு இரும்புக் குழாய், ஆறு மாடி ஏறி மொட்டைமாடிக்குப் போக வேண்டும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு படியும். அது தீப்பிடித்தாலும் பக்கத்தில் பரவாதபடி மூட வேண்டும். உள்ளிருந்து இழுக்கிற காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வாசல் கதவைத் திறக்க முடியாமல் கஸ்டமர் தள்ளாடுவார். இதற்கே பணத்தில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில்தான் அழகு.

இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். கோட்டை விட்டது அழகில்.

முன்பு அந்த இடம் ஒரு துணி மொத்த வியாபாரியின் ஆபீஸாக இருந்தது. 1970-களின் மிச்சசொச்சம் அப்படியே கிடந்தது. தரையில் நாற்றமடிக்கும் கார்ப்பெட். மேலே, நம் ஊர் பாங்குகளில் பார்த்திருப்பீர்களே, புள்ளிபுள்ளியாக ஓட்டை போட்ட வெள்ளை அட்டைகள் செருகிய ஃபால்ஸ் சீலிங், அங்கங்கே பழுப்புக் கறையோடு. இவ்வளவு அசிங்கமான சீலிங்கை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்து, இல்லை என்று வந்ததும், மொத்தத்தையும் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினால் உள்ளே பொக்கிஷம்! பூவேலைப்பாடு அச்சடித்த பழைய தகர சீலிங், அப்படியே முழுசாக. சுவர்ப் பூச்சைத் தட்டினால் சிவப்புச் செங்கல். கார்ப்பெட்டுக்குக் கீழே மேப்பிள் மரத்தரை. புதையல் கிடைத்தவன் மாதிரி குதித்தேன். ஓனருக்குக் கண் கலங்கிவிட்டது. செங்கல்லில் மட்டும் ஒரு சிக்கல். உள்பக்கத்துக்கு வைத்தது சரியாக வேகாத மட்டச் செங்கல். பூசி மறைக்கத்தான் போகிறோம் என்று வைத்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. தூசி சூப்பில் விழாமலிருக்க மேலே ஒரு சீலர் அடித்தோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்டோபரில் திறப்பு விழா. போட்டோக்கள் பிரமாதமாக வந்தன. போட்டோவுக்குத்தான் காது கிடையாதே!

முதல் மாதம் கூட்டம் அலைமோதியது. பிறகு மெல்ல முணுமுணுப்பு. ஒரு பெண்மணி கருத்து அட்டையில் எழுதியிருந்தார்: 'சாப்பாடு அருமை. என் நண்பர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாரா, உப்பை எடுக்கச் சொன்னாரா என்பது மட்டும் தெரியவில்லை.' ஓனர் அதை என்னிடம் காட்டினார். "அது சத்தமில்லை, உற்சாகம். ஓட்டல் என்றால் அப்படித்தான்" என்று மழுப்பி அனுப்பினேன். அவர் நம்பினார். நான் படித்தவனாயிற்றே.

2004 மே மாதம் அப்பா மதுரையிலிருந்து வந்தார். முட்டிவலியால் அம்மா வரவில்லை. ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். வகுப்பில் கடைசி பெஞ்ச் வரை கேட்கிற குரல். பையன் கட்டிய ஓட்டலைப் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை ராத்திரி கூட்டிப்போனேன். ஓனரே வந்து கைகொடுத்து நல்ல டேபிள் கொடுத்தார்.

"அம்மாவுக்கு முட்டிவலி எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"ரொம்பப் பிரமாதம்டா! உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் ஏதோ பேச ஆரம்பித்தார். நீளமாக, நிதானமாக, டேபிள் துணியில் விரலால் கோடு போட்டபடி பேசினார். இரண்டு மூன்று முறை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. 'என்னப்பா?' என்று எத்தனை முறைதான் கேட்பது? நான் டிசைன் பண்ணின இடத்தில் எனக்கே காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் கூச்சம். "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டினேன். அவர் முகம் தெளிந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

செப்டம்பரில் போன். "தம்பி, வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்டா. நல்ல பார்ட்டி."

"எந்த வீட்டுக்குப்பா?"

"என்னடா இது, நம்ம வீட்டுக்குத்தான். அம்மாவால மாடிப்படி ஏற முடியல. அன்னிக்கு உன் ஓட்டல்ல வச்சு எல்லாம் சொல்லிக் கேட்டேனே. உனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்னுகூடச் சொன்னேன். நீதானே சரி சரின்னு தலையாட்டினே?"

தாத்தா கட்டிய வீடு. நான் பிறந்த வீடு. என்றைக்காவது ஊருக்குத் திரும்பி அதைப் பழுதுபார்த்து வாழப்போகிறேன் என்று நோட்டு நோட்டாகப் படம் வரைந்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் வார்த்தை கொடுத்துவிட்டார். நானும் கொடுத்திருக்கிறேன், காதில் விழாத கேள்விக்கு.

"ஆமாப்பா, சொன்னேன்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஓனரைப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒலியியல் இன்ஜினீயர் ஒருவரை அழைத்து வந்தோம். அறுபது வயது இருக்கும் அம்மையார். ஓட்டலுக்கு அன்று விடுமுறை. அவர் பையிலிருந்து ஒரு பலூனை எடுத்து ஊதி, ஊசியால் குத்தினார். டப்! அந்தச் சத்தம் தகரத்தில் மோதி, செங்கல்லில் மோதி, மரத்தரையில் மோதி, அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆனது. பேச்சு புரிய வேண்டுமானால் அது ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டுமாம்.

"இங்கே முன்னால் என்ன சீலிங் இருந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஓட்டைகள் எதற்கு என்று நினைத்தாய்?" என்றார். அவ்வளவுதான், வேறெதுவும் சொல்லவில்லை. அந்த அசிங்கமான அட்டை முப்பது வருஷமாகச் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. நாற்றமடித்த கார்ப்பெட்டும்தான். செங்கல்லும் தகரமும் குடிக்காது. வாங்கியதை அப்படியே திருப்பி எறியும். இன்னொரு சங்கதியும் சொன்னார். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். 1911-லேயே லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதி வைத்த விஷயம். ஒரு டேபிள் கத்தினால் அடுத்த டேபிள் அதைவிடக் கத்தும். சந்தைக்கடை பிறப்பது இப்படித்தான்.

இதற்கு வைத்தியம் அதைவிடப் பழசு. 1895-ல் ஹார்வர்டில் ஒரு புது லெக்சர் ஹாலில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஒரு வார்த்தை அடங்க ஐந்தரை விநாடி. அதற்குள் அடுத்த பத்து வார்த்தை வந்து அதன்மேல் விழும். வாலஸ் சபைன் என்ற 27 வயது பௌதிக வாத்தியாரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரிகளில் பக்கத்து தியேட்டர் சீட் மெத்தைகளைத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, சத்தம் அடங்கும் நேரத்தை ஸ்டாப் வாட்ச்சில் அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் இன்ஜினீயர்கள் கணக்குப் போடுவது அவருடைய சூத்திரத்தில்தான்.

நாங்கள் தகர சீலிங்கில் பாதியை இரண்டு அங்குல கனத்தில், துணி சுற்றிய கண்ணாடி நார்ப் பலகைகளால் மறைத்தோம். மறைத்தது நானேதான். என் கையால் அளந்து, என் புதையலை நானே மூடினேன். டேபிள்களுக்கு அடியிலும் அதே மாதிரிப் பலகை ஒட்டினோம். அது யார் கண்ணிலும் படாது. மறுபடி பலூன். ஒரு விநாடிக்குப் பக்கத்தில் வந்தது. ஆட்கள் உட்கார்ந்ததும் இன்னும் குறைந்தது. அவர்கள் சட்டையும் கோட்டும் கூடச் சத்தம் குடிக்குமே. ஓட்டல் பிழைத்தது. 2013-ல் வாடகை ஒப்பந்தம் முடியும்வரை நடந்தது.

அப்பா இப்போது இல்லை. நான் கேட்காமலே தலையாட்டினேன் என்பதைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அம்மா தினமும் அந்தப் படி ஏறியிருப்பாள். அவர் செய்தது சரி. ஆனால் அந்த ராத்திரி என்னென்ன சொன்னார், மூன்று முறை நிறுத்தி என்னென்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இப்போது சென்னையிலும் எந்தப் புதுக் கஃபேக்குள் நுழைந்தாலும் செங்கல் சுவர், தொங்கும் குண்டு பல்பு, வெளியே தெரியும் குழாய். சில இடங்களில் நல்ல பூச்சுக்கு மேலே செங்கல் மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டட்டும், அழகாகத்தான் இருக்கிறது. நீங்களே வீட்டையோ கடையையோ புதுப்பிக்கிறீர்கள் என்றால், எதையும் பிடுங்கும் முன் 'இது இங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காலியான அறையில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். அறையே பதில் சொல்லும்.

அப்படியொரு கஃபேயில் எதிரில் உட்கார்ந்திருப்பவர், வயதானவர், ஏதோ நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தால், பில்லைக் கொடுத்துவிட்டு வெளியே அழைத்து வந்து மரத்தடியில் நின்று கேளுங்கள். காபி போனால் போகட்டும். தலையை மட்டும் ஆட்டி வைக்காதீர்கள்.