எஞ்சியிருக்கும் ஆட்டங்கள்

மாலை நேரங்களில் எம் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் பயிலும் பிள்ளைகள் சிலர் வந்து அமர்வது வழக்கம். எருமப்பட்டியில் அந்த வேளைக்கென்று ஓர் அமைதி உண்டு. கொல்லிமலையின் மேல் வெயில் மெல்ல மெல்ல இறங்கும். முட்டை ஏற்றிய வண்டிகள் நாமக்கல் நோக்கிச் சென்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நிகழ்தகவு என்னும் பாடத்தோடு போராடிக்கொண்டிருப்பார்கள்.

சில நாள்களுக்கு முன் அவர்களிடம் எளிய வினா ஒன்றை விடுத்தோம். "ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டினோம். ஐந்து முறையும் தலையே விழுந்தது. ஆறாம் முறை தலை விழுவதற்கு நிகழ்தகவு என்ன?"

சிறுவன் ஒருவன் உடனே எழுந்தான். "அஞ்சு தடவையும் தலையே விழுந்திருச்சுங்க சார். இனிமே பூ விழுந்துதானுங்களே ஆகணும்?"

மற்ற பிள்ளைகளும் ஆமென்று தலையசைத்தனர். நாம் மட்டும் சற்று நேரம் பேச்சற்றிருந்தோம். அதே சொற்களை, அதே உறுதியோடு, அதே திண்ணையில் ஒருவர் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம். அவர் எம் தந்தையார்.

தகரப் பெட்டிக்குள் ஒரு நம்பிக்கை

தமிழ்நாட்டில் அரசின் பரிசுச் சீட்டு 1968 இல் தொடங்கியது. 2003 இல் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் இங்குத் தடைசெய்யப்பட்டன. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் பேருந்து நிலையம்தோறும் ஒரு சீட்டுக் கடை இருந்ததையும், கயிற்றில் தொங்கிய வண்ணச் சீட்டுகளையும், முடிவுகள் வந்த நாளிதழைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எம் தந்தையார் லாரி ஓட்டுநர். குடிப்பழக்கம் இல்லாதவர். ஞாயிறு திருப்பலிக்கு ஊரில் இருந்தால் தவறாதவர். ஆனால் வாரந்தோறும் சீட்டு வாங்குவார். விழாத சீட்டுகளை எறியமாட்டார். நூலால் கட்டி, பிஸ்கட் வந்த தகரப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைப்பார். அம்மா கேட்டால் அவரது மறுமொழி ஒன்றே. "இத்தனை வாரம் விழுகல. இனிமே விழுகாம எங்க போகும்?" விழாத ஒவ்வொரு சீட்டும் அவருக்கு, வரவேண்டிய கடனுக்கான பத்திரமாகவே தோன்றியது. ஓராண்டு மழைக்காலத்தில் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்நாளில் நாம் கல்லூரியில் புள்ளியியல் பயின்றுகொண்டிருந்தோம். விடுமுறைக்கு வந்த ஓர் இரவு, அம்மாவின் வெறுங்காதைக் கண்டதும் சினம் மேலிட்டது. ஒரு தாளை எடுத்துத் தந்தையார் முன் அமர்ந்து கணக்குப் போட்டோம்.

"பத்தாயிரம் சீட்டு. ஒன்று ஒரு ரூபாய். ஒரே பரிசு, ஐயாயிரம் ரூபாய். உங்கள் ஒரு ரூபாய்ச் சீட்டின் சராசரி மதிப்பு ஐம்பது காசு. வாங்கும்போதே பாதிப் பணம் போய்விடுகிறது. வாரம் ஒன்றாக இருபது ஆண்டு வாங்கினால் 1040 சீட்டு. அத்தனை ஆண்டுகளில் ஒரு முறையேனும் பரிசு விழும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. தொண்ணூறு பேர் வெறுங்கையோடுதான் சாவார்கள். அதுவும் பத்தாயிரம் சீட்டு என்றால்தான். உங்கள் சீட்டுகளோ இலட்சக்கணக்கில் அச்சாகின்றன."

கணக்கில் பிழையில்லை. ஆனால் அதைச் சொன்ன குரலில் பிழை இருந்தது. அம்மாவின் முன்னிலையில், தங்கையின் முன்னிலையில், ஒரு மனிதரைக் கரும்பலகையாக்கி எழுதினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிரவு திண்ணையில் படுத்தார்.

நாணயத்திற்கு நினைவில்லை

சிறுவனுக்கு விடை சொல்லவேண்டும் அல்லவா? கரும்பலகையில் இரண்டு வரிசைகள் எழுதினோம். ஆறும் தலை, அடுத்தது, ஐந்து தலையும் கடைசியில் ஒரு பூவும். "இவற்றில் எது நடப்பது அரிது?" என்று கேட்டோம். முதலாவதே அரிது என்றனர். பெருக்கிப் பார்க்கச் சொன்னோம். இரண்டுக்கும் 64 இல் ஒன்று என்றே வந்தது. தொடக்கத்தில் நின்று பார்த்தால் ஐந்து தலைகள் தொடர்ந்து விழுவது 32 இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் அது நடந்து முடிந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது ஒரே ஒரு சுண்டல். அதற்கு நிகழ்தகவு பாதி. நாணயத்திற்கு நினைவில்லை, அது யாருக்கும் கடன்பட்டதுமில்லை.

"அப்படின்னா கடைசியில எப்படிங்க சார் பாதிப் பாதியா வருது?" என்றாள் ஒரு மாணவி. நல்ல வினா. பழைய ஐந்து தலைகளை ஈடுசெய்ய நாணயம் பூக்களை அனுப்புவதில்லை. பின்னால் ஆயிரக்கணக்கில் விழுபவற்றின் நடுவே அந்த ஐந்தும் கரைந்துபோகின்றன, அவ்வளவே. அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல் 1866 இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கிய விதைகள் 1,850. மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்திற்கு அவை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! மடத்துத் தோட்டத்தில் பொறுமையோடு எண்ணியவருக்கே அந்த ஒழுங்கு புலப்பட்டது. ஒரே ஒரு காயைப் பிளந்து பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது.

எம் ஊருக்கு ஏற்ற கணக்கும் ஒன்று உண்டு. ஓர் அட்டையில் 30 முட்டைகள். அவற்றுள் 2 கெட்டவை. பாராமல் இரண்டை எடுத்தால், ஒன்றாவது கெட்டதாயிருக்க நிகழ்தகவு என்ன? பிள்ளைகள் அவசரப்பட்டு 30 இல் 2 என்பார்கள். "முதலில் நடக்கக்கூடியவை அனைத்தையும் எண்ணுங்கள்; அதுவே கூறுவெளி" என்போம். 30 இல் இரண்டை எடுக்க 435 வழிகள். இரண்டும் நல்லவையாக அமைய 378 வழிகள். எஞ்சியவை 57. ஆகவே விடை 435 இல் 57. சுருக்கினால் 145 இல் 19. நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று. நேரே தேடிக் களைப்பதைவிட, எதிர்ப்பக்கத்தை எண்ணிக் கழிப்பது எளிது. இதனை நிரப்பு நிகழ்ச்சி என்கின்றது பாடநூல்.

திட்டவிலக்கம் சொல்லித் தரும் நாளில் அம்மாவின் நினைவு வராமலிராது. ஒருவர் ஐந்து நாளும் நாளுக்கு நூறு ரூபாய் கொண்டுவருகிறார். மற்றொருவர் நான்கு நாள் வெறுங்கையோடு வந்து, ஐந்தாம் நாள் ஐந்நூறு கொண்டுவருகிறார். இருவருக்கும் சராசரி நூறே. முன்னவரின் திட்டவிலக்கம் சுழி, பின்னவருடையது இருநூறு. அந்த நான்கு நாளும் அடுப்பெரித்தவள் யார் என்பதைச் சராசரி சொல்வதில்லை. சராசரியைக் கொண்டு சோறு பொங்க முடியாது என்பது எம் அம்மா படிக்காமலே அறிந்த பாடம்.

பாஸ்கலின் விடை

நிகழ்தகவுக் கணிதம் பிறந்ததே ஒரு சூதாட்ட வினாவிலிருந்துதான். இருவர் பணயம் வைத்து ஆடுகின்றனர். ஆட்டம் இடையில் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பங்கிடுவது? பிரான்சிஸ்குத் துறவியும் கணித அறிஞருமான லூக்கா பச்சோலி 1494 இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறினார். அதுவரை யார் எத்தனை ஆட்டம் வென்றாரோ அந்த விகிதத்தில் பங்கிடுக என்றார். நேர்மையான விடைபோலவே தோன்றுகிறது.

1654 ஆம் ஆண்டு பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியாக இதே வினாவை ஆராய்ந்தனர். பாஸ்கல் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஆளுக்கு 32 பொற்காசு, மொத்தம் 64. முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு அனைத்தும். ஒருவர் இரண்டு வென்றிருக்கிறார், மற்றவர் ஒன்று. அடுத்த ஆட்டத்தில் முன்னவர் வென்றால் அவருக்கு 64. தோற்றாலோ இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆக, எப்படியும் 32 அவருடையது. மீதி 32 இல் இருவருக்கும் பாதி வாய்ப்பு. எனவே முன்னவருக்கு 48, பின்னவருக்கு 16. பச்சோலி சொன்ன இரண்டுக்கு ஒன்று அன்று; மூன்றுக்கு ஒன்று.

இருவருக்கும் உள்ள வேறுபாடு எங்கே? பச்சோலி முடிந்த ஆட்டங்களை எண்ணினார். பாஸ்கல் எஞ்சியிருக்கும் ஆட்டங்களை எண்ணினார்.

அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு பாஸ்கல் ஆழ்ந்த இறையனுபவம் ஒன்றைப் பெற்றார். அதனை எழுதி மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்துக்கொண்டார். 1662 இல் அவர் இறந்த பிறகே பிறர் அதனைக் கண்டனர். கணக்கும் கடவுளும் ஒரே உள்ளத்தில், ஒரே ஆண்டில் இடம்பெற்றமை நமக்கு ஆறுதல் தருகின்றது.

சீட்டைப் பற்றித் திருநூலும் பேசுகின்றது. செக்கரியா தூபங்காட்டச் சீட்டு முறைப்படியே தெரிவு செய்யப்பட்டார். யூதாசின் இடத்திற்கு மத்தியாவும் சீட்டு முறையாலேயே வந்தார். ஆனால் அங்கே முதலில் தகுதியுள்ள இருவரைத் தெரிந்து நிறுத்தினர், பின்னர் செபித்தனர், அதன் பின்னரே சீட்டு. சிலுவையடியில் அங்கிக்காகச் சீட்டுப் போட்ட படைவீரர்களோ ஆதாயம் ஒன்றையே பார்த்தனர். வாய்ப்பு விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல என்றும், ஒருவர் தமக்கோ பிறர்க்கோ இன்றியமையாததைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன என்றும் 1992 இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கின்றது. எம் வீட்டில் பறிபோன இன்றியமையாதது ஒரு சோடித் தோடு. அந்தக் கணிப்பில் எமக்கு இன்றும் ஐயமில்லை.

திறந்த பெட்டி

ஐயம் எம்மைப் பற்றியதே. அந்த இரவுக்குப் பின் வேலை கிடைத்து வெளியூர் சென்றோம். மாதந்தோறும் பணம் அனுப்பினோம், அம்மாவின் பெயருக்கு மட்டும். ஊருக்கு வந்தாலும் தந்தையார் கையில் ஒரு நூறு ரூபாய் கொடுத்ததில்லை. "அப்பா இப்பெல்லாம் சீட்டு வாங்கறதில்ல, கண்ணு" என்று அம்மா ஒருமுறை சொன்னார். நாம் நம்பவில்லை. லாரி ஓட்டுபவர் எந்த ஊரில் வாங்கினாலும் வீட்டிற்குத் தெரியவா போகிறது என்று எண்ணினோம். 2003 இல் தடை வந்தபோது, 'சட்டமாவது அவரைத் திருத்தியதே' என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டோம்.

2009 இல் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வந்து பரணை ஒதுக்கியபோது அந்தத் தகரப் பெட்டி அகப்பட்டது. நூலால் கட்டிய சீட்டுகள் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் குலுக்கல் நாள் அச்சிடப்பட்டிருந்தது. கடைசிச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். நாம் கணக்குப் போட்ட அந்த இரவுக்கு இரண்டு வாரம் பிந்தையது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அடியில் அடகுக் கடை இரசீது கிடந்தது. அந்த ஆண்டே தோடு மீட்கப்பட்டிருந்தது.

இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் சீட்டு வாங்கவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக நாம் அவரைச் சீட்டு வாங்குபவராகவே நடத்தினோம். 'முன்பு விழாததால் இனி விழும்' என்று எண்ணியது அவரது தவறு. 'முன்பு தோற்றவர் இனியும் தோற்பார்' என்று தீர்த்தது எமது தவறு. இரண்டும் கடந்ததைக் கொண்டு வருவதை அளந்த தவறுகளே. அவராவது தம் கணக்கைத் திருத்திக்கொண்டார். புள்ளியியல் படித்த நாம் புதிய விவரம் வந்தும் பழைய விடையையே வைத்துக்கொண்டிருந்தோம்.

திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு தெனாரியம் கிடைத்ததை எத்தனையோ முறை மறையுரையில் கேட்டிருக்கின்றோம். நிலக்கிழார் கழிந்த மணிகளை எண்ணவில்லை. அதன் பொருள் அந்தப் பெட்டியைத் திறந்த அன்றே எமக்கு உறைத்தது.

திண்ணைச் சிறுவனிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. அவன் வயதுப் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்குள்ளும் இன்று சீட்டுக் கடை புகுந்துவிடுகின்றது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிரான சட்டம் 2023 இல் வந்தது. சட்டம் கடையை மூடும். 'இனிமேல் விழும்' என்னும் எண்ணத்தை மூடுவது ஆசிரியரின் வேலை. ஆகவே ஒரு நாணயத்தை அவன் கையில் கொடுத்து, நூறு முறை சுண்டி எழுதி வரச் சொன்னோம். ஐந்து தலைகள் தொடர்ந்து வந்த இடங்களிலெல்லாம் அடுத்தது என்ன விழுந்தது என்று வட்டமிட்டு வரச் சொன்னோம். ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. கணக்கைச் சொல்லும் குரலும் கணக்கின் ஒரு பகுதி என்பதைச் சற்றுத் தாமதமாகவே கற்றோம்.

அன்பு வாசகர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நாம் என்றோ கணக்கு முடித்து மூடிவிட்ட ஒருவர் இருப்பார். அவருக்கு இன்னும் ஆட்டங்கள் எஞ்சியிருக்கின்றன. அவர் உயிரோடிருக்கும்போதே ஒருமுறை திரும்ப எண்ணிப் பார்ப்போம்.